சாம்பல் புதனுக்கு மறுநாள் ஒரு தேர்வு

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிஸ் ராம்சுமைர் என்னிடம் கேட்டது ஒரு துண்டுப் பிரசுரம். எங்கள் தீவின் சான் ஃபெர்னாண்டோ நகரத்தில் அவர் நடத்தும் மாலை வகுப்பில், கணக்கியல் தேர்வு எழுதுகிறவர்களுக்கு நான் தணிக்கைப் பாடம் எடுக்கிறேன். தலை நரைக்கிற அளவுக்கு எடுத்தாகிவிட்டது. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவர் என் மேசையில் வந்து சாய்ந்துகொண்டார்.

"சார், நம்ம பிள்ளைங்க மாடா உழைக்கிறாங்க. ரிசல்ட் வந்தா நாப்பத்தேழு, நாப்பத்தெட்டுன்னு வந்து நிக்கிறாங்க. கொஞ்ச நேரத்துல உருப்படியாப் படிக்கிறது எப்படின்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன். பளிச்சுன்னு இருக்கணும். புதுசா சேர வர்றவங்களுக்கு வாசல்ல வச்சுக் குடுத்துரலாம்."

ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. நாற்பத்தெட்டு என்ற எண்ணைக் கேட்டாலே எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வயிறு எரிவது அதனால்தான். சரி என்று எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

தொழில்முறைக் கணக்கியல் தேர்வுகளில் வெற்றி பெற விரும்பும் மாணவர்கள் முதலில் ஒரு கால அட்டவணையைத் தயாரித்து, அதனைத் தவறாமல்

அதற்கு மேல் ஓடவில்லை. 'அட்டவணை' என்று எழுதியதும் கெர்வின் பூத்ராம் ஞாபகத்துக்கு வந்து சிரித்துவிட்டேன். அவன் வந்தால் பின்னாலேயே நதீன் குவாமினா வருவாள். இவர்கள் இருவரும் வந்து உட்கார்ந்த பிறகு துண்டுப் பிரசுரம் எங்கே உருப்படும்?

(மிஸ் ராம்சுமைருக்கு: இரண்டு பக்கம் தாண்டப் போகிறது. தமிழில் எழுதுவதால் நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்ற தைரியம்தான். இதில் வருகிறவர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் இவர்கள் பேச்சு என் காதில் தமிழாகவே விழுந்து பல காலமாகிறது. நான் என்ன செய்ய?)

2

இரண்டாவது ஆரம்பம்:

மோன் ரெப்போவில், பான் முற்றத்துக்குப் பின்னால் இருக்கும் பச்சை வீட்டில், நதீன் குவாமினா ஜன்னலை ஓங்கிச் சாத்திவிட்டு

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்கு என்ன ஆபத்து என்று சொல்லாமல் ஜன்னலை எவ்வளவு ஓங்கிச் சாத்தினாலும் உங்களுக்கு என்ன வந்தது? அதனால் ஜன்னல் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

நதீனுக்கு முப்பத்தாறு வயது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. எல்லாத் தாள்களும் தேறிவிட்டாள், கடைசியான தணிக்கைத் தாளைத் தவிர. அதில் மூன்று முறை தோற்றிருந்தாள். இந்தத் தேர்வில் ஒரு பொல்லாத விதி உண்டு: மேல்நிலைத் தாள்களில் பெற்ற தேர்ச்சிக்கு ஆயுள் இருக்கிறது. அதற்குள் எல்லாவற்றையும் முடிக்காவிட்டால் பழையவை ஒவ்வொன்றாகக் காலாவதி ஆகும். அந்த மார்ச்சில் அவள் தேறாவிட்டால், என்றைக்கோ ரத்தம் சுண்ட எழுதித் தேறிய இரண்டு தாள்கள் கைவிட்டுப் போகும்.

"அந்த ரெண்டையும் மறுபடி எழுதத் தெம்பு இல்ல சார்" என்று என்னிடம் சொன்னாள். "மார்ச்சுல போச்சுன்னா போச்சு. புத்தகத்தை எல்லாம் யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டு, சாகிற வரைக்கும் அசிஸ்டென்ட்டாவே இருந்துட்டுப் போறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்த வருடம் கார்னிவல் தாமதமாக வந்தது. திங்கள், செவ்வாய் கார்னிவல். புதன், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். வியாழக்கிழமை காலை தேர்வு. நதீனோ பள்ளிக்கூட நாளிலிருந்து 'நியூ டைட்ஸ்' குழுவில், எஃகுப் பீப்பாயை வெட்டிச் செய்த டெனர் பான் வாத்தியம் வாசிக்கிறவள். தை பிறந்தால் மாலை முழுக்க அவர்கள் ஒத்திகை பார்க்கும் பான் முற்றத்தில்தான் இருப்பாள். கார்னிவலுக்கு முந்திய சனிக்கிழமை பான் குழுக்களின் இறுதிப் போட்டி மேடை. அந்த மேடையில் ஏறாமல் அவள் வளர்ந்த பிறகு ஒரு வருடம்கூடப் போனதில்லை.

என்ன செய்வாள்? எல்லோரும் சொன்னதைச் செய்தாள். ஜனவரியில் முற்றத்துக்குப் போய்த் தலைவரிடம் இந்த வருடம் நான் இல்லை என்றாள்.

"உன் இடத்துல வேற ஆளைப் போட்டுருவேன். அப்புறம் பாதியில வந்து நிக்கக் கூடாது" என்றார் அவர்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதான் அழுறேன், பாக்கலையா?" என்றாள் நதீன்.

3

கெர்வினை இங்கே கொண்டுவர வேண்டும். எனக்குத் தயக்கமாக இருக்கிறது, நீங்கள் நம்ப மாட்டீர்கள். சுயமாகக் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன். அவன் அட்டவணையில் அரைமணிக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நிறம். சாப்பாட்டுக்கு ஒன்று, குளிக்க ஒன்று. வாரக் கடைசியில் பார்த்தால் பாதிக் கட்டம் தவறியிருக்கும். உடனே ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து புது அட்டவணை போடுவான். அது முந்தியதைவிட அழகாக இருக்கும்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, தங்கமான பையன். அவனுக்கும் அதே கடைசித் தாள்தான் பாக்கி. நதீன் மூன்றாம் முறை தோற்ற அன்று, வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பொரித்த சுறாவும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டவன்.

சனிக்கிழமை வகுப்புக்கு முன்னால், பொரித்த ரொட்டிக்குள் கொண்டைக்கடலை வைத்து விற்கும் டபுள்ஸ் வண்டியருகில் இவர்கள் சண்டை போடுவதைக் கேட்கவே நான் சீக்கிரம் வருவேன்.

"தாயே, இந்த வாரத்து அட்டவணை எங்க?"

"மண்டையில இருக்கு."

"அதான் மூணு தடவை ஊத்திக்கிச்சு."

"உன்னுதுல குளிக்கக்கூடக் கட்டம் இருக்கேடா! எந்த சோப்புன்னு போடலையா?"

"சிரி, சிரி. பான் அடிச்சுக்கிட்டே பாஸ் பண்ணவன் ஒருத்தனைக் காட்டு, நான் மீசையை எடுத்துர்றேன்."

"அது மீசையா? நான் கொண்டைக்கடலை ஒட்டியிருக்குன்னு நெனச்சேன்."

வண்டிக்காரர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "ரெண்டு பேரும் முடிச்சாச்சுன்னா காரம் எவ்வளவுன்னு சொல்லுங்க, பின்னால ஆள் நிக்குது" என்றார்.

அதற்குப் பிறகு கெர்வின் குரலைத் தாழ்த்தி, "உண்மையாவே பேண்டை விட்டுட்டியா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் தன் டபுள்ஸை அவள் கையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

4

இப்போது ஜன்னலைச் சாத்தலாம்.

சாத்தினாள். ஒரு பயனும் இல்லை. கண்ணாடிச் சட்டங்களின் இடுக்கு வழியாக முற்றம் முழுக்க வீட்டுக்குள் வந்தது. நதீன் மேசையில் புத்தகம். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று மூன்று பேனாக்கள். ஒரு பக்கத்தைப் படித்துக் கோடு போட்டாள். இன்னொன்றைப் படித்துக் கோடு போட்டாள். கோடு போடாத வரி ஒன்றும் மிஞ்சவில்லை. இடது கை மட்டும் மேசை விளிம்பில் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.

அவளோடு இருப்பது அம்மாவின் அக்கா, டான்ட்டி வெர்னா. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏண்டி, படிக்கிறியா, மேசையைப் போட்டு உதைக்கிறியா?"

"படிக்கிறேன் டான்ட்டி."

"என்ன படிச்சே, சொல்லு."

"குழும நிறுவனங்களோட தணிக்கைல... அது வந்து..."

"வந்து?"

நதீன் வாயைத் திறந்தபடியே இருந்தாள். ஒன்றும் வரவில்லை. நான்காவது முறையாகப் படிக்கும் அத்தியாயம் அது. சற்று முன்புதான் இளஞ்சிவப்புக் கோடு போட்டிருந்தாள்.

"நல்லாருக்கு" என்றார் டான்ட்டி. "இந்தப் பேண்டுக்காரனுங்களும் சாயங்காலத்துல இருந்து அதே நாலு அடியத்தான் அடிக்கிறானுங்க. மண்டை காயுது. அடுத்ததுக்குப் போங்கடான்னா போக மாட்டேங்கிறானுங்க. எல்லாம் ஒரே ஜாதி." ஜன்னலைப் பார்த்து ஒரு முறைப்பு முறைத்துவிட்டு உள்ளே போனார்.

(இந்த இடத்தில் ஒரு கதாசிரியன் பளிச்சென்று மின்னல் வெட்ட வைப்பான். நானும் ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: அந்தக் கணத்தில் நதீனுக்குள் ஏதோ ஒன்று... சகிக்கவில்லை, அடித்துவிட்டேன். நதீனைக் கேட்டால், முதலில் எரிச்சல்தான் வந்தது என்கிறாள்.)

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. முற்றத்துக்குப் போகாமலே அந்த நாலு அடியும் அவள் கைக்கு வந்துவிட்டது. கேட்டுத் தட்டியே வந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் புதுப் பாட்டு ஒன்று முழுசாக அவள் கையில் ஏறியிருக்கிறது, ஒரு இசைக்குறிப்புத் தாளைக்கூடப் பார்த்ததில்லை. மூன்று நிறத்தில் கோடு போட்டுப் படித்த புத்தகம் மட்டும் ஏன் ஏற மாட்டேன் என்கிறது? அவளுக்குப் புத்தகத்தின் மேல் கோபம் வந்தது. பிறகு பேனாக்களின் மேல் வந்தது. மூன்றையும் எடுத்து மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து முற்றத்தைக் கேட்டாள்.

5

துண்டுப் பிரசுரத்துக்கு உரிய பகுதி இதுதான். யாருக்காவது வேண்டுமானால் இதை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

பான் முற்றத்தில் யாரும் முதலில் உட்கார வைத்து விளக்கம் சொல்வதில்லை. பாட்டை அமைக்கிறவர் சின்னத் துண்டு ஒன்றைப் பாடிக் காட்டுவார். உடனே வாசிக்க வேண்டும். தப்பாகத்தான் வரும். தப்பாக வந்தால்தான் எங்கே தப்பு என்று தெரியும். அந்தத் துண்டு கையில் நிற்கும்வரை அடுத்ததற்குப் போவது கிடையாது. மறுநாள் வந்ததும் நேற்றையதை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் புதியதைத் தொடலாம். நன்றாக வருகிற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து மகிழ அங்கே நேரம் இல்லை. சறுக்குகிற இடத்தைத்தான் போட்டு அரைப்பார்கள். பிறகு முழுப் பாட்டும், மேடையில் வாசிக்கிற வேகத்தில், கடிகாரத்தை வைத்து. மேடையில் நேரம் தாண்டினால் புள்ளி போகும்.

நதீன் இதை அப்படியே புத்தகத்துக்குத் திருப்பினாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சின்னக் கேள்வி ஒன்றை எழுதிப் பார்த்தாள். படுமோசமாக வந்தது. விடையைப் பார்த்து எங்கே தவறினோம் என்று கண்டுகொண்டாள். மறுநாள் புதியதைத் தொடும் முன்னால் அதே கேள்வியை மறுபடி எழுதினாள். தொழில் நெறி பற்றிய கேள்வி அவளுக்கு அல்வா மாதிரி. அதைத் தொடுவதையே நிறுத்தினாள். எப்போதும் சறுக்கும் குழுமத் தணிக்கையை எடுத்துக்கொண்டாள். நேரத்தைக் கேள்விக்குக் கேள்வி மதிப்பெண் கணக்கில் பிரித்தாள்.

முற்றத்தையே தன் கடிகாரமாக வைத்துக்கொண்டாள். அவர்கள் தொடங்கும்போது தொடங்குவாள். அவர்கள் துண்டு துண்டாக வாசிக்கும்போது இவள் சின்னக் கேள்வி. அவர்கள் தண்ணீர் குடிக்க நிறுத்தினால் இவளும் எழுந்து போய் டான்ட்டியோடு சிவப்புச் சோரல் பானம் குடிப்பாள். அவர்கள் முழுப் பாட்டை ஓட்ட ஆரம்பித்தால் இவள் முழுக் கேள்வியில் இறங்குவாள்.

(மிஸ் ராம்சுமைர் இதைக் கேட்டுவிட்டு, "ஐயோ சார், அமைதியான இடத்துல படிங்கன்னுதான் எல்லாரும் எழுதுவாங்க. நீங்க பேண்டுக்குப் பக்கத்துல படிங்கன்னு எழுதினா என் வகுப்பு என்னாகும்?" என்றார். நியாயம்தான். அமைதி கிடைக்கிறவர்கள் அமைதியிலேயே படியுங்கள்.)

கெர்வின் தினமும் மாலையில் ஃபோன் பண்ணுவான்.

"என்ன சத்தம் அது? கல்யாண வீட்டுல இருக்கியா?"

"படிச்சுக்கிட்டிருக்கேன்."

"உருப்பட்ட மாதிரிதான்."

6

இங்கேயே 'அவள் தேறினாள், சுபம்' என்று முடித்துவிட்டால் பிரசுரத்துக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் பிப்ரவரி நடுவில் நான் வைத்த மாதிரித் தேர்வில் நதீன் நாற்பத்துநான்கு எடுத்தாள்.

கடைசிக் கேள்வி வெள்ளையாக இருந்தது. ஒரு எழுத்துகூட இல்லை. முதல் கேள்விக்கு மட்டும் அள்ளி அள்ளி எழுதியிருந்தாள், பிரமாதமாக. அதற்குரிய மதிப்பெண்ணுக்கு மேல் வாங்க முடியாத கேள்வியில் போய்ப் பிரமாதமாக எழுதி என்ன செய்வது? மூன்று முறையும் இதே கதைதான் நடந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. படிப்பு இப்போது சரியாகிவிட்டது. கை மட்டும் பழைய கையாகவே இருந்தது.

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் அழவில்லை. கோபப்பட்டாள்.

"தெரிஞ்சதை எழுதாம எப்படி சார் விட்டுட்டுப் போறது? இன்னும் ரெண்டே வரி இருக்கு, நல்ல வரி, அதைப் பாதியில விடச் சொன்னா கை கூசுது."

(கதையில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். மூன்றும் பாதிரியார் பேச்சு மாதிரி இருந்தது.) பக்கத்து நாற்காலியில் தன் தாளைப் புரட்டிக்கொண்டிருந்த கெர்வின்தான் தலையைத் தூக்கினான்.

"மேடையில ஒரு இடத்துல தப்பா அடிச்சிட்டேன்னு வச்சுக்க. என்ன செய்வே?"

"அடுத்த அடியில போய்ச் சேந்துக்குவேன்."

"நின்னு, அந்த இடத்தை மறுபடி அழகா அடிச்சிட்டு வர்றேன், அது வரைக்கும் எல்லாரும் இருங்கன்னு சொல்ல மாட்டியா?"

"பேண்டு எனக்காக நிக்குமாடா, லூசு?"

"பரீட்சை மட்டும் நிக்குமா, தாயே?"

பானைக் கண்டாலே ஆகாது என்று சொல்லித் திரிகிறவன் சொன்னது அது. நதீன் அவனை வெறித்துப் பார்த்தாள். பிறகு அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். எங்கள் ஊரில் சில சமயம் நன்றி இப்படித்தான் சொல்லப்படும்.

அன்றிலிருந்து வீட்டில் முழுக் கேள்வி எழுதும்போது நேரம் முடிந்ததும், வார்த்தை பாதியில் இருந்தாலும், பேனாவைத் தூக்கி அடுத்த கேள்விக்குப் போனாள். முதல் சில நாட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். பிறகு பழகிவிட்டது.

7

இறுதிப் போட்டி அன்று நதீன் எங்கே இருந்தாள் என்பதற்கு என்னிடம் இரண்டு வடிவம் இருக்கிறது. ஒன்றில் அவள் மேடைக்குக் கீழே கூட்டத்தில் நிற்கிறாள், விளக்குகள் அவள் முகத்தில், கண்ணீர், இன்ன பிற. அது அழகாக இருக்கிறது. ஆனால் நடக்கவில்லை.

நடந்தது இது: டான்ட்டியும் அவளும் வீட்டுச் சோஃபாவில், மடியில் மக்ரோனித் தட்டோடு, டிவி பார்த்தார்கள். பான்களைச் சக்கர வண்டிகளில் தள்ளிக்கொண்டு நியூ டைட்ஸ் மேடைக்கு வந்தது. அவள் இடத்தில் மாரபெல்லா ஊர்ப் பெண் ஒருத்தி, அவள் அணியவேண்டிய நீலச் சட்டையோடு நின்றாள். முதல் அடி விழுந்ததும் நதீன் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்ட ஆரம்பித்தாள், முதலிலிருந்து கடைசிவரை, ஒரு அடி பிசகாமல். முடிந்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதாள். டான்ட்டி அவள் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் இருக்குடி டூடூ, என் செல்லமே."

"இருக்கும் டான்ட்டி. நான் பாஸானாலும் ஆகலைன்னாலும் இருக்கும். அதான் அழுகையா வருது."

நியூ டைட்ஸுக்கு நான்காம் இடம். குறை சொல்ல முடியாது.

திங்களும் செவ்வாயும் ஊரே தெருவில் ஆடியது. அவள் இரண்டு நாளும் மத்தியானம் வரை படித்துவிட்டு, பிறகு முனையில் போய் நின்று வேடிக்கை பார்த்தாள். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் வைத்துக்கொண்டு வந்து, பழைய தவறுகளை மட்டும் ஒரு முறை எழுதிப் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே படுத்துவிட்டாள்.

8

தேர்வு அறையை நான் பார்க்கவில்லை. அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

கணினித் திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. முதல் கேள்வியைத் திறந்தாள். தொழில் நெறி. அவளுடைய அல்வா! பக்கம் பக்கமாக எழுதலாம். கை பறந்தது. கம்பெனியின் இயக்குநரும் தணிக்கையாளரும் சொந்தக்காரர்கள், அதனால் வரும் ஆபத்து என்ன என்று தட்டிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கேள்விக்கு அவள் வைத்திருந்த நேரம் முடிந்தது. இன்னும் இரண்டு வரி. உலகத்திலேயே நல்ல இரண்டு வரி.

"சார், அந்த வாக்கியத்தைப் பாதியில விட்டேன் பாருங்க, 'எனவே தணிக்கையாளர் உடனடியாக'ன்னு இருந்துச்சு. உடனடியா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்! ஆண்டவன் சத்தியமாத் தெரியும்! விட்டுட்டு அடுத்த கேள்வியைத் திறந்தேன்."

இரண்டாவது கேள்வி சுமார். மூன்றாவது குழுமத் தணிக்கை, அது ஓரளவு ஓடியது. நான்காவது கேள்வியை அவள் அதுவரை இந்தத் தாளில் ஒருமுறைகூடத் திறந்து படித்ததே இல்லை. இந்த முறை திறந்தாள். எளிதாக இருந்தது. அவ்வளவு எளிதாக ஒரு கேள்வி தனக்காக மூன்று முறையும் கடைசிப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்திருக்கிறதே என்று நினைத்ததும் அவளுக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்துவிட்டது. கண்காணிப்பாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

வெளியே வந்தபோது கெர்வின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

"எல்லாத்தையும் எழுதினியா?"

"எதையும் முழுசா எழுதலை. எல்லாத்தையும் எழுதினேன்."

"நான் மூணாவதுல மாட்டிக்கிட்டேன்" என்றான் அவன்.

9

முடிவு.

நான் எழுதி வைத்திருந்தது இப்படி: ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை, நதீனின் ஃபோனில் மின்னஞ்சல் வந்து நிற்கிறது, அவள் விரல் அதன் மேல், கதை முடிகிறது. நாகரிகமான முடிவு. அதை நதீனுக்கு அவள் மொழியில் சொல்லிக் காட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள்.

"அதைத் திறக்காம முடிக்கிறீங்களா? ஏன் சார், நான் பட்டது பத்தாதா? அந்த மெயிலைத் திறக்கிறதுக்கு முன்னாடி என்ன பாடு படுவோம்னு உங்களுக்குத் தெரியுமா? அதைப் படிக்கிறவங்களுக்கும் குடுக்கணுமா? எழுதுங்க. பாஸ். அம்பத்தாறு. எழுத்தால எழுதுங்க."

எழுதிவிட்டேன். ஐம்பத்தாறு. நதீன் குவாமினா தேறிவிட்டாள். பழைய இரண்டு தாள்களும் இனி எங்கும் போகாது.

அலுவலகத்தில் நகலெடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தாளாம். டான்ட்டிக்கு ஃபோன் பண்ணியதும் டான்ட்டி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் அடுப்பில் தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு ஓடிவந்திருக்கிறார். நதீன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனை வைக்கப் போகும்போது, அதில் ஒரு செய்தி வந்தது. கெர்வினிடமிருந்து.

48. நீ?

அவ்வளவுதான் இருந்தது. வழக்கமாக அவன் அனுப்புகிற கோமாளி முகங்கள் ஒன்றுகூட இல்லை.

அவளுடைய மகிழ்ச்சி குறையவில்லை என்கிறாள். அப்படியேதான் இருந்ததாம். ஆனால் அதைத் தூக்கி வைக்க இடமில்லாமல் போயிற்று. நகலெடுக்கும் இயந்திரத்தின் மேல் ஃபோனை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் அவன் இவள் பதிலுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும்.

அவன் ஏன் தோற்றான் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அட்டவணையைக் குறை சொன்னால் பிரசுரத்துக்கு வசதியாக இருக்கும். அவன் தாளை நான் பார்க்கவில்லை. ஒழுங்காகப் படித்தவர்களும் நாற்பத்தெட்டில் வந்து நிற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவள் என்ன பதில் அனுப்பினாள்? நானே சிலவற்றை எழுதி, ஒவ்வொன்றாக அவளிடம் படித்துக் காட்டினேன்.

"'அம்பத்தாறு. சாரிடா.'"

"சாரியா? அவன் என்ன செத்தா போயிட்டான்?"

"'பாஸ். அடுத்த தடவை நீயும் பண்ணிருவே.'"

"அந்த வரியை எனக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்காங்க சார். சொன்னவங்க மூஞ்சியில ஒரு மாசம் முழிக்கலை நான்."

"'நானும் ஊத்திக்கிட்டேன்'னு ஒரு பொய்?"

"போங்க சார், உங்களுக்குப் பைத்தியம்."

"அப்ப என்னதான் அனுப்பினே?"

"அது எனக்கும் அவனுக்கும். கதைக்கெல்லாம் கிடையாது" என்றாள். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், பிடி கொடுக்கவில்லை.

அதனால் அந்த வரி என்னிடம் இல்லை. அதற்குப் பிறகு நடந்தது மட்டும் தெரியும். மறுநாள் மாலை அந்த வழியாக வந்தேன். பச்சை வீட்டு முன்கட்டில் விளக்கு எரிந்தது. மேசையில் கெர்வின் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அட்டவணை எதுவும் தெரியவில்லை. எதிரில் நதீன் மேசை விளிம்பில் தாளம் போட்டபடி, "போதும், விடு, அடுத்தது!" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். அவன், "கொலைகாரி, இன்னும் ஒரே வரி" என்றான். டான்ட்டி இருவரையும் பொதுவாகத் திட்டிக்கொண்டே சாப்பாடு எடுத்து வைத்தார்.

தோற்றவனை மறுநாளே அந்த மேசைக்குக் கொண்டுவந்து உட்கார வைத்த பதில் அது. எனக்கு எழுதத் தெரியவில்லை. உங்களுக்கும் நாற்பத்தெட்டு எடுத்த யாரையாவது தெரிந்திருக்கும், அல்லது நீங்களே எடுத்திருப்பீர்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். ரொம்ப யோசிக்காதீர்கள், அவன் காத்திருக்கிறான்.

48. நீ?

...........................................